பூநாரை இல்லை என்று சொன்ன நாள்

எங்கள் வீட்டுக் கூடத்தில் இன்வெர்ட்டருக்கு மேலே ஓர் ஆணியில் அண்ணியின் பைனாகுலர் தொங்குகிறது. அதன் வாரில் ஒரு ரிப்பன் முடிச்சு. வெயிலும் வியர்வையும் பட்டுச் சாயம் போய்விட்டது; ஒரு காலத்தில் அது பச்சை நிறம் என்று நான் சொன்னால்தான் உண்டு. வீட்டுக்கு வருகிறவர்கள் கோயிலில் கட்டிய கயிறா என்று கேட்பார்கள். அண்ணி "சும்மா" என்று சொல்லிவிட்டுக் காபி போடப் போய்விடுவார். எனக்கோ அந்த முடிச்சைப் பார்த்தாலே கை பரபரக்கும். கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பலமுறை போயிருக்கிறேன். "நீ கை வைக்காத. எனக்கு எப்போ தோணுதோ அப்போ நானே அவுத்துக்கிறேன்" என்று தடுத்துவிட்டார். வருடங்கள் ஓடிவிட்டன, இன்னும் தோன்றவில்லை.

அண்ணிக்கு வேலை செங்கல்பட்டில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில். கண்ணாடித் தகட்டில் பூசிய ரத்தத்தை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது இருக்கிறது, இது இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தொழிலில் பழகிய கண் வீட்டுக்கு வந்தாலும் சும்மா இருக்காது. அரிசியில் கல்லையும், டியூப்லைட்டுக்குப் பின்னால் பல்லியையும், அண்ணன் திருட்டுத்தனமாகத் தின்ற இனிப்பின் துணுக்கை அவன் மீசையிலும் நொடியில் கண்டுபிடித்துவிடுவார். "போலீசுக்குப் போக வேண்டியவ, தப்பா என் வூட்டுக்கு வந்துட்டா" என்று அண்ணன் பெருமையாகவே அலுத்துக்கொள்வான். அவன் சிங்கப்பெருமாள் கோயிலைத் தாண்டி ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் சூப்பர்வைசர். நான் பள்ளியில் கணக்கு டீச்சர். அதே வீட்டில் மாடிப் பகுதியில் இருக்கிறேன். இரண்டு முறை அண்ணிக்குக் கரு தங்கவில்லை. அதன் பிறகு வீட்டில் பேச்சு குறைந்துபோனது. அப்போது ஒரு குளிர்காலத்தில் நான்தான் வேடந்தாங்கலுக்குப் போய்வரலாம் என்று அவரை இழுத்துக்கொண்டு போனேன்.

ஏரிக்கரையில் ஒரு குழு நின்றிருந்தது. நடுவில் தொப்பி போட்ட ஒருவர். எல்லோரும் அவரைக் குருவி சார் என்றார்கள். அண்ணி வெறுங்கண்ணால் ஒரு மரத்தைப் பார்த்து, "அந்தக் கூட்டுல ரெண்டு குஞ்சு இருக்கு" என்றார். குருவி சார் பைனாகுலரில் பார்த்துவிட்டு, "இந்தம்மாவோட கண்ணு கண்ணே இல்ல, கேமரா" என்றார். குழு மொத்தமும் கை தட்டியது. அண்ணியின் முகம் சிவந்து மலர்ந்ததை நான் அவ்வளவு நாளாகப் பார்த்ததே இல்லை. மறுநாளே இரண்டு பேரும் அவர்கள் வாட்ஸப் குழுவில் இருந்தோம். அடுத்த ஞாயிறு குருவி சார் தன் கையாலேயே அண்ணி புதிதாக வாங்கிய பைனாகுலர் வாரில் குழுவின் அடையாளமாகப் பச்சை ரிப்பனைக் கட்டினார்.

இதையெல்லாம் சொல்லும்போது கேட்கிறவர்கள், "காசு கேட்டாரா? வேற மாதிரி ஏதாவது தப்பா நடந்துகினாரா?" என்பார்கள். இரண்டும் இல்லை. டீக்குக்கூட அவர்தான் கொடுப்பார். யாருக்குச் சர்க்கரை, யார் வீட்டில் அம்மாவுக்கு முட்டி வலி, எல்லாம் அவருக்குத் தெரியும், ஞாபகமாக விசாரிப்பார். அதனால்தான் எங்களுக்கு எதுவும் உறைக்கவில்லை. சாமியார் என்றால் காவியில் வருவார், நாமும் உஷாராக இருப்போம். பறவை பார்க்கிற இடத்தில் யார் உஷாராக இருப்பார்கள்?

குழுவில் ஒரு வழக்கம் இருந்தது. யார் எந்தப் பறவையைப் பார்த்தாலும் அதன் பெயரை உரக்கச் சொல்லக் கூடாது. குருவி சார் காதில் மெல்லச் சொல்ல வேண்டும். அவர் பார்த்துத் தலையசைத்தால் அது பார்த்த கணக்கு. தலையசைக்காவிட்டால் அந்தப் பறவை அங்கே இல்லை. பறவைகள் மிரளாமல் இருக்கவும், புதியவர்கள் தப்பாகச் சொல்லாமல் இருக்கவும் என்று காரணம் சொன்னார்கள். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. பிறகு வேறு குழுக்களோடு போகக் கூடாது என்றார்கள். அவர்கள் பொய்ப் பட்டியல் போடுகிறவர்களாம். ஏன் போகக் கூடாது என்று நான் கேட்டுத் தொலைத்தேன். அதற்கு மௌனம் போட்டார்கள். மௌனம் என்றால், குற்றம் செய்தவரோடு குழுவில் ஒருவரும் பேசமாட்டார்கள்; குருவி சார் எடுக்கும் வரை. முதலில் எனக்குச் சிரிப்புதான் வந்தது. அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தபோது அண்ணி எனக்குச் சோறு போட்டார், குழம்பு ஊற்றினார், பேசவில்லை. ஒரே வீட்டில், ஒரே விளக்கின் கீழே.

மாமல்லபுரத்துக்கு வடக்கே கடலோரச் சவுக்குத் தோப்பு ஒன்றில் மாதம் ஒருமுறை கூடுவோம். பறவை பார்த்து முடிந்ததும் வட்டமாக உட்கார வைத்து, மனதில் உள்ள பாரத்தை இறக்கி வைக்கச் சொல்வார் குருவி சார். பாரத்தோடு பார்க்கிற கண்ணுக்குப் பறவை சரியாகத் தெரியாது என்பது அவர் கொள்கை. அழாதவர்களே இல்லை. அண்ணி அங்கேதான் முதல்முறையாகத் தங்காமல் போன இரண்டு கருவைப் பற்றி வாய்விட்டுப் பேசினார். அண்ணனிடம்கூடப் பேசாத பேச்சு. வீடு திரும்பும்போது ஸ்கூட்டரில் என் முதுகில் சாய்ந்துகொண்டு, "லேசா இருக்குடி" என்றார். நானும் சந்தோஷப்பட்டேன்.

அதே தோப்பில்தான் அது நடந்தது. சருகுகளுக்கு நடுவே அண்ணி ஆறுமணிக் குருவி ஒன்றைப் பார்த்தார். பச்சையும் நீலமும் சிவப்புமாக, எல்லாச் சாயத்தையும் கொட்டியது போன்ற குட்டை வால் குருவி. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் கத்தும். ஆசை தாங்காமல் வழக்கத்தை மறந்து உரக்கச் சொல்லிவிட்டார். குருவி சார் வந்து பார்ப்பதற்குள் அது புதருக்குள் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. அண்ணியின் பக்கத்தில் குந்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, மிக மிக அன்பாகச் சொன்னார். "இந்தத் தோப்புல அது வராதும்மா. உங்க மேல தப்பில்ல. குழந்தை இல்லாத ஏக்கம், இல்லாததை இருக்கறதா காட்டுது. கொஞ்ச நாளைக்கு உங்க கண்ண நம்பாதீங்க. என்னைக் கேளுங்க." சுற்றி நின்றவர்கள் பரிவோடு தலையாட்டினார்கள். அண்ணியும் தலையாட்டினார். அந்தக் குரலில் அவ்வளவு கனிவு. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

அதன் பிறகு அண்ணி கேட்க ஆரம்பித்தார். பால் பொங்கிடுச்சா பாரு. இது மஞ்சள்தானே? கதவப் பூட்டினேனா? லேபிலும் அதே கதை. தகட்டைப் பார்ப்பார், பேனாவை எடுப்பார், வைத்துவிட்டுப் பக்கத்தில் இருக்கும் பெண்ணைக் கூப்பிட்டு, "உனக்கு என்ன தெரியுது?" என்று கேட்பார். ஒரு பிள்ளைக்கு விடாத காய்ச்சல். தகட்டில் மலேரியாக் கிருமி இருந்திருக்கிறது. அண்ணி பார்த்துவிட்டார். பார்த்ததை எழுதக் கை வரவில்லை. ரிப்போர்ட் மாலை வரை மேசையிலேயே கிடந்தது. டாக்டர் வந்து தானே பார்த்து எழுதி அனுப்பினார். பிள்ளை பிழைத்துக்கொண்டது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் அண்ணனைக் கூப்பிட்டுச் சொன்னார். வேலை போவது பற்றி அண்ணனுக்குப் பெரிய கவலை இல்லை. "அவளுக்கு இன்னா ஆச்சு? கண்ணுல எதுனா கோளாறா?" என்றுதான் என்னிடம் கேட்டான். கண் டாக்டரிடம் கூட்டிப் போனான். கண் பழுதில்லாமல் இருந்தது.

அடுத்த ஞாயிறு ஸ்கூட்டர் பஞ்சர். செய்யூர் பக்கத்து உப்பங்கழிக்குப் போக வேண்டும். அண்ணனே காரில் கூட்டிப் போனான். பறவை என்றால் அவனுக்குக் கோழி, காக்கா இரண்டும்தான் தெரியும். இங்கே ஒரு விவரம் சொல்ல வேண்டும்: அந்த வாரம் குருவி சார், பூநாரைகள் எல்லாம் போய்விட்டன, இந்த வருடம் இனி இல்லை என்று குழுவில் போட்டிருந்தார். வேறொரு குழு இன்னும் இருக்கின்றன என்று படம் போட்டதை, பழைய படம் என்று ஒதுக்கிவிட்டார்.

கரையில் இறங்கியதும் பார்த்தேன். கழியின் நடுவில், ஆழமில்லாத தண்ணீரில், வரிசையாகப் பூநாரைகள். ஆள் உயரத்துக்கு, ரோஜா நிறத்தில். பைனாகுலரே வேண்டாம், மூக்குக்கண்ணாடிகூட வேண்டாம். படித்த, வேலையில் இருக்கிற, பிள்ளை குட்டிகளை வளர்த்த அத்தனை பேரும் பைனாகுலரைத் தூக்கி, அந்த வரிசைக்கு இடது பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தோம், வலது பக்கம் கொஞ்ச நேரம் பார்த்தோம். "உள்ளான் நிறைய இருக்கு" என்று கரையோரக் குட்டிப் பறவைகளைப் பார்த்து யாரோ குருவி சார் காதில் சொன்னார்கள். அவர் தலையசைத்தார்.

அண்ணன்தான் கேட்டான். "அதோ ரோஸா நிக்கிதே சார், அது இன்னா பறவை?"

ஒருவரும் திரும்பவில்லை. குருவி சார் சிரித்தார். "சார் புதுசு. தண்ணி மேல வெயில் பட்டா தூரத்துல அப்படித்தான் தெரியும்."

"வெயிலு எப்படி சார் ஒத்தக் காலத் தூக்கிகினு நிக்கிது?"

வேறு இடமாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்று என் வாயும் கட்டித்தான் கிடந்தது. அண்ணன் எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். அவனுக்கு ஏதோ புரிய ஆரம்பித்தது. அண்ணியிடம் போய், குரலைத் தாழ்த்தி, "நீ சொல்லும்மா. அங்க இன்னா கீது?" என்றான்.

அண்ணி பைனாகுலரை நேராகப் பூநாரைகள் மேல் வைத்தார். கை ஆடவில்லை. குவியத்தைத் திருகிச் சரி செய்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு அதை இறக்கி, அண்ணனைப் பார்க்காமல் குருவி சாரைப் பார்த்து, "வெயில்தான்" என்றார்.

அண்ணன் கத்துவான் என்று நினைத்தேன். தொழிற்சாலையில் அவன் குரலுக்கு மெஷின் நிற்கும் என்பார்கள். அவன் அண்ணியின் கையைப் பிடித்துக் காருக்குக் கூட்டிப் போனான், காய்ச்சல்காரர்களை நடத்திப் போவது போல. அவன் பயந்ததை அன்றுதான் நான் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் நான் குழுவிலிருந்து வெளியேறினேன். அண்ணி வெளியேறவில்லை. குழுவை எதிர்த்துப் பேசிய ஆளைக் கூட்டி வந்ததற்கு அவருக்கு மௌனம் போட்டார்கள். போனைக் கையில் வைத்துக்கொண்டு, யாராவது கூப்பிடுவார்கள் என்று உட்கார்ந்திருந்தார். அந்த நாட்களில் எனக்குப் பாடம் நடத்தக்கூட ஓடவில்லை. நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் மாடிப்படியில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தேன்.

குழுவை விடு என்று அண்ணன் ஒருநாளும் சொல்லவில்லை. வேறொன்று செய்தான். தக்காளியைக் கையில் எடுத்து, "கத்திரிக்கா இன்னா வெல?" என்று கேட்டான். அண்ணி குழம்பிப்போய், "கத்திரிக்காயா?" என்றார். சாம்பாரை ரசம் என்றான். நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெள்ளை தனக்கு எடுப்பாக இருக்கிறது என்றான். அண்ணி முதலில் தலையாட்டினார். அதைப் பார்த்து நான் மாடிக்குப் போய் அழுதேன். அவன் விடவில்லை. வேலையிலிருந்து வந்தால் இதே வேலை. ஒருநாள் எதிர்வீட்டு எருமையைக் காட்டி, "இன்னா அழகா குதிர வாங்கிக்கினாங்க பாரு" என்றான். அண்ணி கையிலிருந்த கரண்டியை மேடையில் அடித்தார். "உனக்குக் கண்ணு அவிஞ்சு போச்சா? அது எருமைய்யா, எருமை." அவனை அவர் அதற்கு முன்னால் ஒருமையில் பேசியதே இல்லை. அண்ணன் தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

அண்ணி அன்றே குழுவை விட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். பல மாதங்கள் ஆயின. குழுவில் இருந்தவர்கள் கடைத்தெருவில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அண்ணி வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வார். லேபில் கையெழுத்து மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. எனக்கு மட்டும் ஒன்று போகவே இல்லை. கொளவாய் ஏரியோரம் நடக்கிறவர்கள் குழுவில் சேரச் சொன்னார்கள். சேர்ந்தேன். ஒரு பெரியவர் எல்லோரும் ஒரே நிறத் தொப்பி போடலாமே என்றார். பாவம், நல்ல மனிதர், வெயிலுக்குத்தான் சொன்னார். நான் அன்றோடு நின்றுவிட்டேன். இப்போது எந்தக் கூட்டத்தில் உட்கார்ந்தாலும் சின்னதாக ஒன்றை வேண்டுமென்றே மறுத்துப் பார்க்கிறேன். டீ வேண்டாம், காபி என்கிறேன். யாருக்காவது முகம் மாறுகிறதா என்று கவனிக்கிறேன். இதுவும் ஒரு வியாதிதான், தெரிகிறது.

போன வாரம் சாயங்காலம் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தோம். பின்பக்கக் காலி மனையில், முருங்கைக்குக் கீழே, இரண்டு சுரமாக ஒரு விசில். அண்ணி துணியைப் போட்டுவிட்டுக் கீழே ஓடி, ஆணியிலிருந்து பைனாகுலரை எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தார். பார்த்தார். உரக்கவே சொன்னார். "ஆறுமணிக் குருவி." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். பைனாகுலரை என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிப் பார்த்தேன். சருகு, உடைந்த செங்கல், ஒரு பிளாஸ்டிக் கவர். மறுபடியும் பார்த்தேன். வேறு எதுவும் இல்லை. ஆமாம் அண்ணி, இருக்கிறது என்று சொல்லிவிட வாய் துடித்தது. அவர் என் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தார். ரிப்பன் முடிச்சு என் கட்டைவிரலில் உரசிக்கொண்டிருந்தது. அப்படிச் சொன்னால் உப்பங்கழிக் கரையில் நின்றவர்களில் மறுபடியும் ஒருத்தியாகிவிடுவேன் என்று தோன்றியது.

"எனக்குத் தெரியல அண்ணி" என்றேன்.

அவர் முகம் ஒரு கணம் வெளுத்தது. பிறகு என் கையிலிருந்து பைனாகுலரை வாங்கி, மறுபடியும் முருங்கைப் பக்கம் திருப்பினார்.

"உனக்குத் தெரியலைன்னா போ" என்றார். "நான் பாத்துகினு இருக்கேன்."