கணவர் கையெழுத்து எங்கே என்று கேட்டேன்

நர்ஸ் வேலைக்கு வந்த முதல் வருஷம் நான் செய்த தப்பிலிருந்தே தொடங்குகிறேன்.

தென்காசிப் பக்கம் ஓர் அரசு ஆஸ்பத்திரி. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கு வரும் பெண்களைப் பரிசோதித்து, சம்மதப் பாரம் நிரப்பி, தியேட்டருக்கு அனுப்புவது என் வேலை. கடையத்திலிருந்து மாரியம்மாள் தனியாக பஸ் ஏறி வந்திருந்தாள். இரண்டு பெண் குழந்தைகள். இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு வந்து பிழைத்ததே பெரிது. கணவர் ராணுவத்தில். வெறும் வயிற்றோடு காத்திருந்தவளிடம், வீட்டுக்காரர் கையெழுத்து இல்லாமல் முடியாது என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். அப்படி ஒரு விதி உண்டா என்று நான் பார்க்கவில்லை. ஊரெல்லாம் சொன்னதை நானும் சொன்னேன்.

கணவர் லீவில் வந்து போனபிறகு மறுபடி வந்தாள்.

"கையெழுத்து வாங்கிட்டேன் சிஸ்டர்" என்று மடித்த தாளை நீட்டினாள்.

வழக்கம்போல, கர்ப்பம் இருக்கிறதா என்று யூரின் டெஸ்ட் எடுத்தேன். இரண்டு கோடு விழுந்தது.

அவள் அழவில்லை. டாக்டரம்மா அவளுக்கு இருந்த வழிகளை விளக்கினார். பெற்றுக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் போனாள். அவள் போனதும் டாக்டரம்மா சம்மதப் பாரத்தை என் முன்னால் வைத்தார்.

"இதுல புருஷன் கையெழுத்து எங்கன போடணும்னு இருக்கு? காட்டு."

எங்கேயும் இல்லை.

மூன்றாவதும் பெண். பயந்தபடியே ரத்தப்போக்கு வந்தது. டியூட்டி முடிந்தும் நான் வீட்டுக்குப் போகவில்லை. இரண்டு யூனிட் ரத்தம் ஏற்றியபிறகுதான் பல்ஸ் நிதானத்துக்கு வந்தது.

உடம்பு தேறி அவள் ஆபரேஷனுக்கு வந்தபோது மாமியாரும் கூடவே வந்தார். ஓர் ஆண்பிள்ளை வேண்டும், மகனைக் கேட்காமல் தொடக்கூடாது என்றார். அவரை வெளியே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டுக் கதவைச் சாத்தினேன். இது நிரந்தரம், பிறகு குழாயைத் திரும்பச் சேர்த்துவிடலாம் என்று நம்பிச் செய்யக்கூடாது, அபூர்வமாகத் தவறுவதும் உண்டு, காப்பர்-டி மாதிரி வேறு வழிகளும் இருக்கின்றன என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். பிறகு, உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"மூணும் போதும் சிஸ்டர். இதுகள வளக்க நான் உசிரோட இருக்கணும்லா."

கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்தேன்.

"ஆச்சி, உடம்பு அவளுது. அவ சம்மதம் இருந்தா போதும், சட்டம் அப்படித்தான் சொல்லுது" என்றேன்.

மேலே புகார் கொடுப்பதாகச் சொன்னார். தாராளமாகக் கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை. ஆபரேஷன் முடியும்வரை கைக்குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்தார்.

நர்ஸ் வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். யார் கூட்டிவந்தாலும் கதவைச் சாத்திவிட்டு அவளை மட்டும் கேளுங்கள். குடும்பமே சேர்ந்து கூட்டிவந்த இரண்டு பெண்கள் என்னிடம் தலையை ஆட்டி "வேண்டாம்" என்றிருக்கிறார்கள். அவர்களுக்கு ஆபரேஷன் நடக்கவில்லை. காரணம் கேட்ட வீட்டாருக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.