அக்காவுக்கு வாங்கிய வெள்ளைச் சாமந்தி

உடம்பு முடியாதவர்களைப் பார்க்கப் போனால் ரொட்டி, சாத்துக்குடி, ஹார்லிக்ஸ் என்று எதையாவது எடுத்துப் போவோம். பூ எடுத்துப் போகிற வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. பூ சாமிக்கு, பெண்கள் தலைக்கு, அதை விட்டால் செத்தவர்களுக்கு. அக்காவுக்குப் பூ வாங்க வேண்டும் என்று தோன்றியபோது எனக்கே அது புதிதாகத்தான் இருந்தது.

அக்கா என்றால் கூடப் பிறந்தவர் இல்லை. மாரிகுப்பத்தில் சுரங்கக்காரர்களுக்கு வரிசையாக ஒட்டிக் கட்டிய லைன் வீடு. அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். எங்கள் வீட்டுக்காரரும் அவர் வீட்டுக்காரரும் ஒரே ஷிஃப்டில் தங்கச் சுரங்கத்தில் இறங்கியவர்கள். அவர்கள் பௌத்தக் குடும்பம். நாங்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். முப்பது வருஷத்தில் அதனால் எங்களுக்குள் ஒரு சொல் வந்ததில்லை.

பங்குனிக் கடைசியில் தண்ணீர்க் குடத்தோடு வழுக்கி விழுந்தார் அக்கா. இடுப்பெலும்பு முறிந்து, ஆபரேஷன் செய்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்கப்புறம் எழுந்திருக்கவே இல்லை. திரும்பக் காட்டப் போனபோது, இந்த மாதத்துக்குள் நடக்காவிட்டால் பிறகு படுக்கைதான் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிற அவர் மகன், "நீங்க சொன்னா கேப்பாங்க அத்த" என்று என்னிடம் வந்து நின்றான். அன்றைக்கே அக்காவைப் பார்க்கப் போனேன். வாங்கி வைத்த வாக்கரில் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

"இன்னாக்கா, நாலு அடி வெச்சிப் பாக்கக்கூடாதா?"

"நீ ஒருவாட்டி விழுந்து எழுந்து வா. அப்புறம் எனக்குச் சொல்லு."

எனக்குத் தெரிந்த வைத்தியம் ஒன்றுதான். வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய் அக்கா பெயரைச் சொல்லி அர்ச்சனை செய்தேன். அம்மன் காலடியில் இருந்த அரளிப் பூவைக் கேட்டு வாங்கி வந்து அவர் தலைமாட்டில் வைக்கப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்காகக் கேட்டுக்கினியா உங்க அம்மாவ?"

"ஆமாக்கா."

"அது போதும்மா. பூவ நீ தலையில வெச்சிக்க. நான் வெச்சிக்கினா, வேற சாமியக் கும்பிடறதில்லன்னு எங்கப்பா குடுத்த வாக்க நான் மீறின மாதிரி ஆயிடும்."

இடுப்பு நோவோடு படுத்திருக்கிறவர், எந்தச் சாமியாவது காப்பாற்றட்டும் என்று வாங்கி வைத்துக்கொண்டிருக்கலாம். நானாக இருந்தால் வாங்கியிருப்பேன். என் மனசும் நோகாமல், தன் வாக்கும் போகாமல் அவர் சொன்ன விதம் எனக்கு இரண்டு நாள் தூக்கத்தைக் கெடுத்தது. அவருக்கு ஆகிற பூவாகத் தேடிக் கொடுக்க வேண்டும் என்று அப்போதுதான் நினைத்தேன்.

வைகாசிப் பௌர்ணமி வந்தது. புத்தர் பிறந்த நாள், அவர்களுக்குப் பெரிய நாள். வருஷா வருஷம் வெள்ளைப் புடவை கட்டி, பூவோடு விகாரைக்குப் போகிறவர் அக்கா. முந்தின நாள் சாயங்காலம் ஆண்டர்சன்பேட்டைப் பூக்கடைக்குப் போனேன்.

"சாமிக்கா, தலைக்கா?" என்றாள் பூக்காரம்மா.

"உடம்பு முடியாதவங்களுக்கு."

"அப்பிடி ஒரு பூ என்கிட்ட இல்லியேக்கா" என்று சிரித்தாள்.

பன்னீர் ரோஜாவைக் காட்டினாள். அதை உதிர்த்துச் சாவு ஊர்வலத்தில் வழியெல்லாம் இறைப்பதைப் பார்த்த கண்ணுக்கு அது வேண்டாம் என்று பட்டது. சம்பங்கியும் அப்படித்தான். மல்லி நல்ல மல்லி. ஆனால் மாத்திரை வயிற்றைப் புரட்டுகிற ஆளுக்கு, காற்று வராத அறையில் அந்த வாசனை ஆகாது. கடைசியில் நீர் தெளித்து வைத்திருந்த வெள்ளைச் சாமந்தி கண்ணில் பட்டது. கட்டாத உதிரிப்பூவாகக் கேட்டேன். தலைக்கு இரண்டு முழம் கனகாம்பரம்.

"வூட்டுக்காரர் இருக்காரா அவங்களுக்கு?"

"இல்ல. போய் ஒம்பது வருஷம் ஆச்சு."

"அப்ப தலைக்கு எப்பிடி?"

"அவங்க வைப்பாங்க."

சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருந்தது. ஒன்பது வருஷத்துக்கு முன்னால், காரியம் முடிந்து அக்கா பூ வைத்துக்கொண்டு வெளியே வந்தபோது குழாயடியில் குறை பேசியவர்களில் நானும் ஒருத்தி. "சின்ன வயசுல இருந்து வெச்ச பூ, அவரு குடுத்ததா இன்னா?" என்று கேட்டுவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். 

மறுநாள் காலையில் குளித்துவிட்டு, என் பூசைத் தட்டிலேயே பூவைப் பரப்பி எடுத்துப் போனேன். அக்கா ஒவ்வொரு பூவாகத் தொட்டார். "மோந்து பாக்கலியே?" என்றார். இல்லை என்றேன். முன் அறை அலமாரியில் சின்னதாக வெள்ளைக்கல் புத்தர் இருக்கிறார். "நீயே போய் வெச்சிடு. நான் இங்க இருந்தே பாக்கறேன்."

பாதத்தில் பூவை வைத்தேன். நன்றாகத்தான் வைத்தேன். அதற்குமேல் கை என்னைக் கேட்கவில்லை. தட்டில் எப்போதும் இருக்கிற சிமிழைத் திறந்து, குங்குமத்தைத் தொட்டு, புத்தர் நெற்றிக்குக் கொண்டுபோய்விட்டேன்.

"ஏய், ஏய். இன்னா பண்ற நீ? புத்தருக்கு ஏது குங்குமம்? நில்லு."

பின்னால் வாக்கர் தரையில் இடிக்கிற சத்தம். திரும்பினால், துண்டு தொங்குகிற வாக்கரோடு அக்கா நடு வாசற்படியில் நிற்கிறார்.  என் விரலில் குங்குமம். 

"எத்தினி அடி நடந்தேன்?" என்றார்.

"ஏழெட்டு இருக்கும்க்கா."

"கோவத்துல நடந்தது நடையில சேருமா?"

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு போய்ப் பிடிக்கப் பார்த்தேன். வேண்டாம் என்று தலையாட்டி, அலமாரி வரைக்கும் அவரே வந்தார். நான் வைத்த பூக்களை ஒரு ஓரம் சரிப்படுத்தினார். கை கூப்பி, அவர்கள் வழிபாட்டில் சொல்கிறதை மெல்லச் சொன்னார். அது எனக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று எனக்குத் தெரிந்த அம்மனைக் கும்பிட்டுக்கொண்டேன். திரும்பிப் போகத்தான் பயந்தார். என்னை முன்னால் நடக்கச் சொல்லி, என் முதுகைப் பார்த்துக்கொண்டே கட்டில் வரைக்கும் வந்து சேர்ந்தார். அதற்கப்புறம்தான் தலையைக் காட்டிக் கனகாம்பரத்தை வைக்கச் சொன்னார்.

ராத்திரி மகன் வேலையிலிருந்து வந்ததும் கேட்டான், "எப்பிடிம்மா எழுந்த?" நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"பௌர்ணமி இல்ல? பூ வெக்க எழுந்தேன்" என்றார் அக்கா. குங்குமத்தைப் பற்றி ஒரு வார்த்தை வரவில்லை. இப்போது கம்பு ஊன்றிக் கடை வரைக்கும் போகிறார். யார் கேட்டாலும் அந்தப் பதில்தான். என் தப்பை நான்தான் இங்கே எழுதுகிறேன்.