மலை ரயிலில் பிடித்த மூச்சு

அன்று மலை ரயிலின் முதல் வகுப்புப் பெட்டியில் இருந்தவர்கள்: தோணிக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, அவர் தோணியில் சங்கு குளிக்கும் என் அக்காள் புருஷனான அத்தான், அதே தோணியின் இளைய குளியாளி, அத்தானுக்குக் கயிறு பிடிக்கும் நான், ஜன்னலோரத்தில் ஒரு கோயமுத்தூர்க் கணவனும் மனைவியும். பெட்டியின் முன்மேடையில் கொடிகளோடு ஒரு ரயில்வே ஆள் நின்றிருந்தார். அவரையும் சேர்த்தால் ஏழு பேர்.

ஆடியில் எங்கள் தூத்துக்குடிக் கடல் கலங்கிக் கிடக்கும், தொழில் கிடையாது. அந்த வருஷம் சங்கு நன்றாகக் கிடைத்திருந்ததால் சம்மாட்டி எங்களை ஊட்டிக்குக் கூட்டிப்போனார். "எம் ஆளுவ பலகையில குந்திப் போவணுமாக்கும்? மெத்த சீட்டுதான்" என்று மேட்டுப்பாளையத்தில் எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்.

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். அந்த மெத்தையில் உட்காரவே பயம். யாராவது வந்து எழுப்பிவிடுவார்களோ என்று டிக்கெட்டைக் கையிலேயே வைத்திருந்தேன். போதாததற்கு, என்ஜின் பின்னால் இருந்து தள்ளுகிறது.

"அத்தான், தள்ளுதது நின்னுபோனா?"

"திரும்ப மேட்டுப்பாளையத்துல போயிச் சாயா குடிப்போம். இருல."

அவர் சிரித்தாரே தவிர, அவருக்கு என்னைவிடப் பெரிய கவலை இருந்தது. மாசியிலிருந்தே கடலுக்கடியில் மூச்சு நிற்கவில்லை. முங்கிய கையோடு, மேலே இழுக்கச் சொல்லிக் கயிற்றை அசைத்துவிடுவார். பையில் பாதிக்குக்கூடச் சங்கு இராது. இருமித் துப்பியதை அக்காள் பார்க்காமல் மணலைத் தள்ளி மூடுவார். மணலில் சிவப்பு இருந்ததை நான் கண்டேன். மூத்த மகள் கல்யாணத்துக்குச் சம்மாட்டியிடம் வாங்கிய முன்பணம் ஆயிரத்து இருநூறு ரூபாய். தோணியில் இருக்கும்வரை அது பங்கில் கழியும். தோணியை விட்டு இறக்கிவிட்டால் மொத்தமாக வைக்க வேண்டும், இல்லையென்றால் வீடு போய்விடும். புரட்டாசியில் யாரை வைப்பது, யாரை இறக்குவது என்பதைச் சம்மாட்டி சொல்வார்.

முதல் குகை வந்தபோது இளையவன்தான் ஆரம்பித்தான்.

"அண்ணாச்சி, குகை முடியுத மட்டும் மூச்சு புடிக்கீரா? இல்ல, வயசாயிட்டா?"

"பாப்பம்ல. ரெண்டு பேரும் புடிங்க" என்றார் சம்மாட்டி. சிரித்தபடிதான் சொன்னார். கண் மட்டும் அத்தானுடைய நெஞ்சுக்கூட்டில் இருந்தது.

அத்தான் தோளில் கிடந்த துண்டின் ஒரு முனையை என் கையில் கொடுத்தார். "நீ என்னத்துக்கு இருக்க? புடி."

குளியாளியின் கயிற்றை மச்சினன் கையில் கொடுப்பதுதான் எங்கள் கரையின் வழக்கம். கூடப்பிறந்தவளின் தாலியைப் பற்றிய பயம் அவனுக்குத்தானே இருக்கும். ஆனால் கீழே இருப்பவர் அசைக்காமல் மேலே இருப்பவன் இழுக்கக் கூடாது. அவசரப்பட்டு இழுத்தால், ஆளுக்கு மூச்சில்லை என்று ஊர் பேசும். அந்த மாசியில் ஒரு நாள் பயத்தில் நான் இழுத்துவிட்டேன். தண்ணீர் சொட்டச் சொட்ட ஏறிவந்தவர், "என் கஞ்சியக் கெடுத்தியேலே" என்றார்.

சின்னக் குகைகள் போயின. ஒவ்வொன்றிலும் வெளிச்சம் வந்த பிறகே துண்டு அசைந்தது. கோயமுத்தூர் அம்மாள், "இதென்னங்க விளையாட்டு" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அருவியைப் பார்த்தார். பிறகு நீளமாக ஒரு குகை. கீழிருந்து அடித்த காற்றில் என்ஜின் புகை முன்னால் வந்து உள்ளே புகுந்தது. வெளியே வரும்போது இளையவன் இருமிக்கொண்டிருந்தான்.

அத்தான் கண்ணை மூடி, தலையை மெத்தையில் சாய்த்து, வாயை இறுக்கி உட்கார்ந்திருந்தார். துண்டு அசையவில்லை.

"பாத்தியால, இன்னும் புடிச்சிருக்கான்!" என்றார் சம்மாட்டி.

"சம்மாட்டி, எழுப்பட்டுமா?"

"தொடாதல. அவன் அசைச்சானா?"

"இல்ல. மொகம் ஒரு மாதிரி இருக்கு."

"ஒனக்கு எது ஒரு மாதிரியா இல்ல? காலையில இட்லியே ஒரு மாதிரி இருக்குன்னு சொன்ன பய!"

இளையவன் இருமலுக்கு நடுவே சிரித்தான். என்னால் அதற்குமேல் முடியவில்லை. துண்டை இழுத்தேன். அது அவர் விரல்களிலிருந்து நழுவி, முழுசாக என் மடிக்கு வந்துவிட்டது.

கோயமுத்தூர்க்காரர்தான் கொடிக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினார். வண்டி நின்றது. அத்தானின் கடைவாயில் ரத்தம் இறங்கியிருந்தது. பின்பெட்டிக்காரர்கள் என்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிறுத்தியிருப்பதாக நினைத்து, கீழே இறங்கி மஞ்சுமூட்டத்தில் பூப் பறித்துக்கொண்டிருந்தார்கள். நெஞ்சைத் தேய்த்தோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டோம். குன்னூர் வரைக்கும் அந்த வண்டி நடந்துதான் போனது. ஆஸ்பத்திரியில் டாக்டர் இமையைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போனார்.

உருளைக்கிழங்கு லாரியில் மூட்டைகளுக்கு நடுவே அவரைக் கொண்டுவந்தோம். வாசலுக்கு ஓடிவந்த அக்காள் என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "நீ கயிறு புடிக்கலையால?"

அடக்கம் முடிந்த மூன்றாம் நாள் சம்மாட்டி வந்தார். கண் கலங்கியிருந்தது, அது பொய்யில்லை. "அப்பேர்ப்பட்ட மூச்சுக்காரன் எந் தோணியில கெடையாது. புரட்டாசியில அவனத்தான் மொத ஆளா வைக்கலாம்னு இருந்தேன்" என்றார். லாரி வாடகை தன் பொறுப்பு என்றார். நடந்த வருஷத்துப் பங்கைக் கழித்து, மிச்சம் எண்ணூற்று நாற்பது என்று சொல்லிவிட்டு, எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்.

அக்காள் உள்ளே போய்க் காதுத் தோடுகளைக் கழற்றி வந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் அவற்றை முந்நூறுக்கு எடுத்துக்கொண்டார். பாக்கி ஐந்நூற்று நாற்பது ரூபாய்.