வெள்ளைக்காரன் வாயில் கட்டுமரம்

எங்கள் நல்லவாடு கிராமத்து ஆதிமூலம் அண்ணனுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று எவனாவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அவருக்கு அடுத்த வீட்டுக்காரி நான், எனக்குத் தெரியாதா? கடலுக்குப் போகிறவர், பள்ளிக்கூடத்துப் பக்கமே எட்டிப் பார்க்காதவர். பிரெஞ்சுக்காரன் ஆண்ட எங்கள் ஊரில் இங்கிலீஷ் யாருக்கு வேண்டும்?

ஒரு ஐப்பசி வாடையில் அண்ணனும் அவர் தம்பி காத்தவராயனும் மீன் பிடிக்கப் போனார்கள். அலை புரட்டியதில் கயிறு அறுந்து, கட்டுமரத்தின் மரங்கள் தனித்தனியே பிரிந்துவிட்டன. ஒற்றை மரத்தைக் கட்டிப்பிடித்துக் கிடந்த அண்ணனை, சென்னைக்குப் போன இங்கிலீஷ் சரக்குக் கப்பல் ஒன்று தூக்கிப் போட்டுக்கொண்டது. தம்பியைக் காணவில்லை.

கப்பலில் தமிழ் தெரிந்தவர் ஒருத்தர்கூட இல்லை. "எந் தம்பிடா! எந் தம்பி!" என்று கடலைக் காட்டிக் கத்தினார் அண்ணன். பாவம், புத்தி கலங்கிவிட்டது என்று கம்பளியைச் சுற்றிப் படுக்க வைத்தார்கள். ஒற்றை மரத்தில் கிடந்தவனுக்குத் துணை ஏது என்று அவர்கள் நினைத்ததிலும் தப்பில்லை. கப்பல் போய்க்கொண்டே இருந்தது.

அண்ணன் நெஞ்சில் அடித்துக்கொண்டார். "கட்டுமரம்பா! கட்டுமரம்!"

பக்கத்தில் நின்ற வயசான மாலுமி சட்டென்று திரும்பினார். "கேட்டமரான்?"

அம்மாடி! இப்போது சொன்னாலும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. மரங்களைச் சேர்த்துக் கட்டினால் கட்டுமரம், எங்கள் ஊர்ச் சின்னப் பிள்ளையும் சொல்லும். அந்த வார்த்தை எப்போது கடல் தாண்டிப் போய் வெள்ளைக்காரன் பேச்சில் குடியேறியதோ! அண்ணன் விரல்களைச் சேர்த்துக் காட்டினார், பிறகு விரித்துக் காட்டினார். மாலுமிக்கு விளங்கிவிட்டது. ஒரு மரம் கிடைத்தால் மற்ற மரங்களும் எங்கேயோ மிதக்கவேண்டும். அவற்றில் ஆளும் இருக்கலாம். கப்பலைத் திருப்பினார்கள். பொழுது சாய்வதற்குள் காத்தவராயனை உயிரோடு எடுத்தார்கள்.

இங்கே நாங்கள் இரண்டு பேருக்கும் ஒப்பாரியே வைத்துவிட்டோம். சென்னையிலிருந்து அவர்கள் வந்து நின்றதும், காத்தவராயன் பெண்டாட்டி எல்லம்மாள் ஓடிப்போய் அண்ணன் காலில் விழுந்தாள். "நீங்கதான் மாமா எங் கொலசாமி!"

அண்ணன் பதறிப்போய்க் காலை இழுத்துக்கொண்டார். "எங் கால்ல ஏம்மா வுயுற? எந்தக் காலத்துலயோ நம்மாளு எவனோ ஒருத்தன், கட்டுமரம்னா இன்னான்னு வெள்ளக்காரனாண்ட சொல்லிக் குடுத்துருக்கான். அவம் பேரு கூட நமக்குத் தெரியல. அவனக் கும்புடு."

எல்லம்மாள் எழுந்து கடலைப் பார்த்துக் கும்பிட்டாள். கரையில் நின்ற நாங்கள் எல்லோரும் கும்பிட்டோம்.