நெடுந்தீவில் தொலைந்த மாட்டுங்காப் பிள்ளை

குடிக்கிற தண்ணீரில் உப்புப் போட்டுக்கொள்ளும் மனிதரை ஊரில் நீங்கள் யாரும் பார்த்திருக்க மாட்டீர்கள். பம்பாயில், மாட்டுங்காவில் எங்கள் வீட்டில் ஒருவர் இருக்கிறார்; என் கணவர். குழாய்த் தண்ணீர் சப்பென்று இருக்கிறதாம். செம்பில் ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கி, கண்ணை மூடிக் குடிப்பார். அடுத்த வீட்டுப் பாலக்காட்டு மாமி முதல் தடவை பார்த்துவிட்டு, "என்னடீ இது, உங்காத்துக்காரருக்கு வயத்து வலியா?" என்று கேட்டாள். "அவுக ஊர்த் தண்ணி அப்படி மாமி" என்றேன். நானே அந்த ஊரை அப்போது கண்டதில்லை.

நான் தென்காசிக்காரி. அவர் இலங்கையில் நெடுந்தீவில் பிறந்து, பம்பாய்க்கு வந்து, என் அண்ணன் வேலை பார்த்த ஆலை ஆபீஸிலேயே குமாஸ்தாவானவர். கல்யாணம் ஆன கையோடு யுத்தம் வந்துவிட்டது. அது முடிந்த பிறகுதான் எங்கள் நாலு வயது மகள் கமலாவைத் தூக்கிக்கொண்டு மாமியாரைப் பார்க்கப் புறப்பட்டோம். ரயில், தனுஷ்கோடியில் கப்பல், மறுபடி ரயில், கடைசியில் பாய் கட்டிய ஒரு வள்ளம். எனக்குத் தெரிந்த தண்ணீர் குற்றாலத்துத் தண்ணீர். விழும், ஓடும், போய்விடும். மாட்டுங்காவுக்குப் பக்கத்தில் மாஹிமில் கடலைப் பார்த்திருக்கிறேன்தான். ஆனால் முதுகைத் திருப்பினால் அங்கே கடையும் பஸ்ஸும் இருக்கும். வள்ளத்தில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கடலே இருந்தது. கமலாவின் பாவாடை நாடாவை என் விரலில் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

பவளக் கல்லைச் சாந்தில்லாமல் அடுக்கிய மதிலோடு ஒரு வீடு. அதற்கு அப்பால் பனை. பனைக்கு அப்பால் மறுபடியும் அதே கடல். அந்த வீட்டில் மாமியார் தனியாக இருந்தார். "வா பிள்ளை" என்றதோடு சரி. என் கணவரோ கரை இறங்கியதும் வேறு ஆளாகிவிட்டார். வெறுங்காலோடு நடந்தார், எனக்குப் பிடிபடாத வேகத்தில் பேசினார். கிணற்றுத் தண்ணீரை அப்படியே குடித்தார். அதுவே உப்பாகத்தான் இருந்தது. கமலா ஒரு வாய் வைத்துத் துப்பினாள். "வேற பானி வேணும்" என்று அழுதாள். மாட்டுங்காத் தெருப் பிள்ளைகளோடு விளையாடி, அவளுக்குத் தண்ணீர் என்றால் ஹிந்திப் பானிதான்.

ஒரு நாள் நடுப்பகலில் அவளைக் காணோம்.

நான் சோறு வடித்துவிட்டுத் திரும்பினேன், பிள்ளை இல்லை. முற்றத்திலும் இல்லை. வெளியே எங்கு பார்த்தாலும் ஒரே மாதிரி மதில்கள், ஒரே மாதிரி சந்துகள். கூப்பிட்டேன், காற்று என் குரலை எனக்கே திருப்பித் தள்ளியது. மாமியார் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய்க் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே நீட்டினார். நான் அவருடைய உள்ளங்கால்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறெதையும் பார்க்கத் தைரியமில்லை.

"தண்ணி தெளிஞ்சு கிடக்கு. பிள்ளை இதுக்குள்ள இல்லை" என்று எழுந்தார். பிறகு, என் சத்தம் கேட்டு வந்திருந்த மகனிடம் மெதுவாக, "தம்பி, கடற்கரைக்கு ஓடு" என்றார்.

என் கணவர் ஓடினார். பின்னால் நானும். கரையில் நண்டு வளைகள், காய்ந்த பாசி. சின்னக் கால்தடம் ஒன்றுகூட இல்லை. பிள்ளை இங்கே வரவே இல்லையா, அல்லது அலை அழித்துவிட்டதா? அவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் துழாவினார். நான் "கமலா, கமலா" என்று கத்திக்கொண்டே போனேன். வாயில் உப்புத் தண்ணீர் அடித்தபோதுதான் நானும் நெஞ்சளவு கடலில் நிற்பது தெரிந்தது.

கரையில் யாரோ கூப்பிட்டார்கள். மாமியார் நின்றிருந்தார். பக்கத்தில், பனை வெல்லம் காய்ச்சுகிற ஒரு பெண்; அவள் இடுப்பில் கமலா. பிள்ளையின் வாய், கன்னம், சட்டை எல்லாம் கறுப்பாகப் பிசுபிசுவென்று இருந்தது.

"பாணி பாணி எண்டு அழுதுகொண்டு வந்தது. குடுத்தன். குடுக்கக் குடுக்க இன்னும் அழுகுது!" என்றாள் அந்தப் பெண். அங்கே பாணி என்றால் பதநீரைக் காய்ச்சிய பாகு. தாகத்தோடு போன பிள்ளைக்குப் பாகை ஊட்டியிருக்கிறாள். "ஆரின்ர பிள்ளை எண்டு கேட்டா, மாட்டுங்கா எண்டுது. ஆரப்பா இந்த மாட்டுங்கா எண்டு வீடு வீடா விசாரிச்சுக்கொண்டு வாறன்."

என் கணவர் சிரித்தார். சிரித்தபடியே மணலில் உட்கார்ந்து அழுதார். மாமியார் பிள்ளையை வாங்கித் தன் சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துவிட்டார். "எனக்கும் பயம்தான் பிள்ளை" என்றார் என்னிடம். "இந்தக் கடலுக்குப் பக்கத்தில பிறந்தனான். இன்னும் பயம் போகேல்லை."

அன்றிலிருந்து நாங்கள் புறப்படும்வரை அவர் கமலாவுக்கு ஒரே பாடம்தான் நடத்தினார். "நீ ஆர்?" "நெடுந்தீவு வேலாயுதத்தின்ர பேத்தி." அந்தத் தீவில் என் மாமனாரின் பெயர் போதும். யாராவது வீட்டில் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள்.

இப்போது பம்பாயில் கலவரம். கடைகளை நினைத்த நேரத்தில் அடைக்கிறார்கள். சாமான் வாங்கப் போன இடத்தில் கூட்டம் திடீரென்று ஓடுகிறது, ஏன் ஓடுகிறோம் என்று தெரியாமலே நாமும் ஓடுகிறோம். கை நழுவிப் போனால் சொல்வதற்காகக் கமலாவுக்கு எங்கள் விலாசத்தைப் பழக்கிவருகிறேன். தெரு, கட்டடம், மாடி, எல்லாம் ஹிந்தியிலும் சொல்லத் தெரியும் அவளுக்கு. நேற்று மார்க்கெட் வாசலில் ஒரு போலீஸ்காரர் குனிந்து, "கிதர் ரஹ்தி ஹை, பேபி?" என்று, வீடு எங்கே என்பதை விளையாட்டாகக் கேட்டார். கமலா நிமிர்ந்து நின்றாள்.

"நெடுந்தீவு வேலாயுதத்தின்ர பேத்தி."

ஏதோ கட்டடத்தின் பெயர் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் கடல் இருக்கும் மாஹிம் பக்கமாகக் கையைக் காட்டி, "உதர்?" என்று, அங்கேயா என்பது போலக் கேட்டார். கமலா சந்தோஷமாகத் தலையாட்டினாள். நான் அவள் கையை இறுகப் பிடித்து எதிர்ப்பக்கமாக, எங்கள் தெருவை நோக்கி, நடக்க ஆரம்பித்தேன். அவளோ அந்தக் கை காட்டிய பக்கத்தையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.