தேங்காய்க் குவியலில் நின்ற கார்

கார் நின்றுபோனால் மற்ற ஆண்களுக்குக் கோபம் வரும். என் கணவருக்குச் சுறுசுறுப்பு வரும். பாயான் பாருவில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரங்களைப் பழுது பார்ப்பது அவர் வேலை. அங்கே அவர்களுக்கு ஒரு முறை இருக்கிறது. சந்தேகப்பட்டதை எல்லாம் ஒரே நேரத்தில் பிடுங்கிப் போடக் கூடாது. ஒன்றைச் சோதித்து, அது நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் அடுத்ததற்குப் போக வேண்டும். வீட்டில் குழாய் ஒழுகினாலும் அதே முறைதான். சோறு குழைந்துபோனால்கூட அரிசியா, தண்ணீரா, அடுப்பா என்று வரிசையாக விசாரிப்பார். "கொழைஞ்ச சோறும் வயித்துக்குத்தான் போவும், தின்னுங்க" என்பேன்.

அந்தத் தைப்பூசத்தின்போது என் மாமியார் பாலத்துக்கு அந்தப் பக்கம் பைராம் தோட்டத்தில், என் கணவரின் அண்ணன் வீட்டில் படுக்கையில் கிடந்தார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்கள். ஆனால் டாக்டர் கைவிட்டால் நம்மவர்களுக்குச் சாமி இருக்கிறதே. அம்மா எழுந்து உட்கார வேண்டும், ரதத்துக்கு முன்னால் மூட்டைத் தேங்காய் உடைக்கிறேன் என்று இவர் நேர்ந்துகொண்டார்.

ஜார்ஜ் டவுனில் ரதம் போகும் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் எங்கள் வீடு. முதல் நாளே நான் சொன்னேன், முதலில் போய் அத்தையைப் பார்த்துவிட்டு வரலாம் என்று. "நேந்துக்கிட்டதே அம்மாவுக்காகத்தானே? ஒடச்ச கையோட கெளம்பிடலாம்லா" என்றார். அன்று சாயங்காலம் போனில் கேட்டபோது அத்தை இரண்டு வாய் கஞ்சி குடித்ததாகச் சொன்னார்கள். கஞ்சி குடித்தவருக்கு ஒரு நாள் தாங்காதா என்றுதான் எனக்கும் தோன்றியது.

விடிந்தும் விடியாமல் ரதம் வந்தது. எங்கள் மூட்டை ஒரு மூட்டைதான். எதிர்ச் சாரியில் கடை வைத்திருக்கும் சீனர் தன் பங்குக்கு லாரி நிறையக் கொண்டுவந்து கொட்டியிருந்தார். எல்லாரும் கைக்கு ஒன்றாக எடுத்துத் தாரில் ஓங்கி அடிக்க, சாலை முழுவதும் வெள்ளையாகிவிட்டது. என் கணவர் ஒவ்வொரு காயையும் நெற்றியில் ஒற்றிவிட்டு உடைத்தார். கடைசிக் காய் உடைந்ததும் என்னைப் பார்த்துச் சிரித்தார். கடன் தீர்ந்தவனின் சிரிப்பு. ரதம் நகர்ந்ததும் இயந்திர வண்டி வந்து ஓட்டையும் பருப்பையும் ஓரமாகத் தள்ளிக் குவித்துவிட்டுப் போனது.

நாங்கள் குளித்துக் கிளம்பத் தயாராகும்போது அவருடைய அண்ணன் போன் செய்தார்.

"தம்பி, அம்மாவுக்கு மூச்சு இழுக்குது. உன்னத்தான் கேட்டுக்கிட்டே இருக்கு. பால் ஊத்த வந்துருடா."

இவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். நான் தலையைத் துவட்டியது பாதி, துவட்டாதது பாதி என்று பின்னால் ஓடினேன். அத்தைக்கு இவர் கடைக்குட்டி. இவர் கையால் ஒரு சொட்டுப் பால், இவர் முகம் ஒரு தடவை. அந்த அம்மாள் கேட்டது அவ்வளவுதான்.

சந்தின் ஒரு முனையில் தண்ணீர்ப் பந்தல் போட்டு அடைத்திருந்தார்கள். மறுமுனையில், பெரிய சாலையில் ஏறும் இடத்தில், தேங்காய் ஓட்டுக் குவியல் பாதி வழியை மறித்திருந்தது. மண்வெட்டி இரவல் வாங்கி ஒதுக்கிவிட்டுப் போகலாம் என்றேன். எங்களுடையது உயரமான பழைய டீசல் கார். "ஏறிடும்" என்றார். ஏறியது. நடுக் குவியலில் அடியில் ஏதோ படபடவென்று அடித்தது, பிறகு நறுக்கென்று ஒரு சத்தம். என்ஜின் இருமக்கூட இல்லை, அப்படியே அணைந்துவிட்டது.

அவசரத்தில் அண்டாவுக்குள்ளும் கை போகாது என்பார்கள். ஆனால் இவர் கை நிதானமாகத்தான் போனது. ஒரு தடவை சாவியைத் திருப்பினார். ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. இன்னொரு தடவை. பிடிக்கவில்லை. இறங்கி பானட்டைத் திறந்தார்.

"அடியிலதானே அடிச்சுச்சு, அடியில பாருங்க" என்றேன்.

பார்த்தார். எதிர்க் கடைச் சீனர் அட்டைப்பெட்டியைப் பிரித்துத் தரையில் விரித்து, கையில் டார்ச்சும் கொடுத்தார். இவர் மல்லாந்து படுத்து, சிக்கியிருந்த ஓடுகளை இழுத்து வெளியே எறிந்தார். எண்ணெய்ச் சட்டி உடையவில்லை. டீசல் ஒரு சொட்டு ஒழுகவில்லை. "ஒண்ணும் ஒழுகல, நல்லதுதான்" என்று எழுந்தார். எனக்கும் நிம்மதியாக இருந்தது. பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவோம் என்று அவர் அண்ணனுக்குச் செய்தி அனுப்பினேன்.

அதன் பிறகு தொழிற்சாலை முறை ஆரம்பித்தது. ஹாரன் அடித்தது, விளக்கு எரிந்தது, ஆகவே பேட்டரி நல்லது. ஃப்யூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கி வெயிலில் காட்டிப் பார்த்தார், எல்லாம் நல்லது. திருட்டைத் தடுக்கும் பூட்டு விழுந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தது. நான் மாடிக்கு ஓடி இன்னொரு சாவியை எடுத்து வந்தேன். அதிலும் அதே கதை. டீசல் ஃபில்டரின் தலையில் கையால் அழுத்தும் சின்ன பம்ப் ஒன்று உண்டு. அதை அழுத்தினார். நாலைந்து அழுத்தில் கல் மாதிரி இறுகியது. "காத்துப் பூரல. டீசல் வருது" என்றார். ஒவ்வொன்றும் நன்றாக இருப்பது தெரியத் தெரிய அவர் முகம் தெளிந்துகொண்டே வந்தது. எல்லாம் நல்லது என்றால் ஏன் ஓடவில்லை? மருத்துவமனையிலும் அத்தைக்கு இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள்.

"இத விட்ருங்க" என்றேன். "நடந்து போய் ஃபெரி ஏறுவோம். பட்டர்வொர்த்ல ரயில் புடிச்சா நிபோங் திபால் ஸ்டேஷன்ல ஒங்கண்ணன் வந்து ஏத்திக்குவாரு."

"ஃபெரிக்கு நிக்கணும், ரயிலுக்கு நிக்கணும். அதுக்குள்ள இது ஓடிரும்மா."

போனில் கார் கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தக் கூட்டத்துக்குள் எந்தக் கார் வரும்? மோட்டார் சைக்கிள் கேட்டேன். பந்தலில் இருந்தவர்கள் எல்லாரும் நடந்து வந்தவர்கள். மோர்தான் கொடுத்தார்கள். அதோடு ஆளுக்கொரு யோசனையும் கொடுத்தார்கள். ஒருவர் தள்ளிப் பார்க்கலாம் என்றார், ஒருவர் டீசலில் தண்ணீர் கலந்திருக்கும் என்றார், ஒருவர் கிளம்பும்போது எலுமிச்சம்பழம் வைத்தீர்களா என்று கேட்டார். சாவு வீட்டுக்குப் புறப்படும் காருக்கு யார் எலுமிச்சம்பழம் வைப்பார்கள் என்று வாய் வரை வந்தது. சாவு வீடு என்று நானே நினைத்துவிட்டதற்காக நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

கடைசியில் என்னை ஓட்டுநர் இருக்கையில் உட்கார வைத்து, சாவியைத் திருப்பச் சொன்னார். ஸ்டார்ட்டரின் குரல் முன்பைவிடத் தளர்ந்திருந்தது.

"ஆர்பிஎம் முள்ளு ஆடுதா?"

"ஆடல."

"கொஞ்சம்கூடவா?"

"செத்த மாதிரி கெடக்கு."

"இத முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"நீங்க கேட்டீங்களா?"

அவருக்கு என்னோடு சண்டை போட நேரமில்லை. என்ஜின் சுற்றுகிறது என்பதைக் காரின் கம்ப்யூட்டருக்கும் அந்த முள்ளுக்கும் சொல்ல ஒரு சென்சார் உண்டாம். அது சொல்லாவிட்டால், என்ஜின் எவ்வளவு சுற்றினாலும் கம்ப்யூட்டர் டீசலைத் திறந்துவிடாதாம். மறுபடியும் அட்டையில் படுத்து உள்ளே நகர்ந்தார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரிந்தன. ஓர் இரும்புத் தகட்டுக்குப் பின்னால், முன்பு டார்ச் வெளிச்சம் படாத இடத்தில், தேங்காய் ஓடு ஒன்று செருகிக்கொண்டு வயரை அறுத்திருந்தது. "புடிச்சிட்டேன்!" என்று கத்தினார். அப்போதுதான் போன் அடித்தது.

ஸ்பீக்கரில் போட்டேன். அவர் அண்ணனின் குரல் தணிந்து வந்தது.

"எங்க இருக்கீங்கம்மா?"

"இன்னும் வீட்டாண்டதான் மாமா. புடிச்சிட்டாரு, இப்பக் கெளம்பிருவோம்."

"போனை அம்மா காதுல வெக்கிறேன். தம்பிய ரெண்டு வார்த்த பேசச் சொல்லு."

கதவுக்கு வெளியே தலையை நீட்டிச் சொன்னேன். அடியிலிருந்து பதில் வந்தது. "வயர முறுக்கிப் புடிச்சிருக்கேன். கைய எடுத்தா போயிரும். நேர்ல வந்து பேசறேன்னு சொல்லு!"

"ஒரு வார்த்த பேசுங்க!"

"வந்துடறேன்னு சொல்லும்மா!"

போனில் அத்தையின் மூச்சு கேட்டது. ஈர விறகை ஊதுவது மாதிரி ஒரு சத்தம். நான் என்ன பேசுவேன்? "அத்தை, உங்க மகன் வந்துக்கிட்டே இருக்காரு" என்றேன். அந்தப் பக்கம் மூச்சு மட்டும்தான்.

"ஸ்டார்ட் அடி!" என்று கீழேயிருந்து குரல். போனை மடியில் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் முனகி நின்றது. "திரும்ப அடி!" திருப்பினேன். முள் துள்ளியது. டீசல் என்ஜின் கடகடவென்று பிடித்துக்கொண்டு, கார் முழுவதும் குலுங்கியது. பந்தலில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். முறுக்கிய வயருக்கு டேப் சுற்றிவிட்டு, தலையெல்லாம் தேங்காய்த் துருவலோடு அவர் வெளியே வந்தார். அவ்வளவு அழகாக அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு, அம்மாவுக்கும் கேட்டுச்சு. வாங்க" என்று அவர் அண்ணன் போனை வைத்தார்.

நகரத்தை விட்டு வெளியேறவே நெடுநேரம் பிடித்தது. ஒரு சாலையில் போலீஸ் திருப்பிவிட்டது, இன்னொன்றில் காவடிகள் கடக்கும் வரை நின்றோம். நிற்கும் இடங்களில் எல்லாம் இவர் காதைத் தீட்டி என்ஜினைக் கேட்டுக்கொண்டிருந்தார். பாலத்தில் ஏறியதும், முள்ளை வைத்து எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை எனக்கு விளக்க ஆரம்பித்தார். நான் தடுக்கவில்லை. போன் அடிக்காமல் இருந்தது. அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டோம்.

தோட்டத்துச் சாலையில் திரும்பியபோது, செம்பனை மரங்களின் ஓரத்தில் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக நின்றன. இவர் பேச்சை நிறுத்தினார். வீட்டுக் கதவு இரண்டு பக்கமும் விரியத் திறந்து கிடந்தது. என்ஜினை நிறுத்தாமலேயே குதித்து ஓடினார். நிறுத்தினால் மறுபடி பிடிக்காதோ என்ற பயம் இன்னும் விடவில்லை போலும். உள்ளே அழுகை எழுந்தது. வாசலில் என்ஜின் கடகடத்துக்கொண்டே இருந்தது. யாரோ நிறுத்தச் சொன்ன பிறகு நான்தான் போய் நிறுத்தினேன்.

அத்தையின் தலைமாட்டில் இவர் உட்கார்ந்திருந்தார். கையெல்லாம் கிரீஸ். தொடப் போவதும் கையை இழுத்துக்கொள்வதுமாக இருந்தார். அவர் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தோளைப் பிடித்துக்கொண்டார். ஆறுதலாகத்தான் அதைச் சொன்னார் என்று இன்றும் நம்புகிறேன்.

"போன்ல அந்தச் சத்தம் கேட்டதும் கண்ணத் தொறந்துருச்சுடா. சின்னவன் காடி வந்துருச்சு, கதவத் தொறன்னுச்சு. அது போன்ல கேட்ட சத்தம்மா, தம்பி இன்னும் வழியிலதான் வருதுன்னு சொன்னேன். காதுல வாங்கல. சரின்னு தொறந்து வெச்சேன். வாசலயே பாத்துக்கிட்டு இருந்துச்சு."

என் கணவர் நிமிர்ந்தார். கார் அடியிலிருந்து என்னிடம் முள் ஆடுகிறதா என்று கேட்டாரே, அதே நிதானமான குரலில் கேட்டார்.

"எவ்வளோ நேரம் பாத்துச்சுண்ணே?"

அவர் அண்ணன் இவர் தோளை இன்னும் இறுக்கிப் பிடித்தார். இவர் மறுபடியும் கேட்டார்.