கல்லில்லாத கோட்டை

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, அம்மா தன் தங்கையைப் பிடித்துக்கொண்டு வருவதற்காக எங்களை இங்கிலாந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். ‘பிடித்துக்கொண்டு வருவது’ என்பது அப்பாவின் சொல். மெல்பேர்னில், ரோவிலில் எங்கள் வீட்டுக் கூடத்தில் பெட்டிகளுக்கு மேல் ஏறி உட்கார்ந்து பூட்டும்போது அவர் அப்படித்தான் சொன்னார். அம்மா காதில் விழாதது போல என் உடுப்புகளை மடித்துக்கொண்டிருந்தார்.

சித்தி அம்மாவைவிடப் பத்து வயது இளையவர். இங்கிலாந்தின் தெற்கே, டோர்செட் பக்கத்தில் ஒரு சின்ன ஊர் ஆசுபத்திரியில் தாதியாக இருந்தார். முப்பத்தெட்டு வயது, கல்யாணம் ஆகவில்லை. மெல்பேர்னில் எங்கள் சொந்தக்காரர்கள் கூடும் இடங்களில் இந்த இரண்டு விவரங்களும் ஏதோ நோயின் பெயரைச் சொல்வதுபோலத் தாழ்ந்த குரலில்தான் பேசப்படும். அதைவிட மோசம், சித்திக்கு மலை ஏறும் பழக்கம் இருந்தது. லீவு நாளில் மற்றவர்கள் கடைக்குப் போவார்கள், இல்லாவிட்டால் படுத்துத் தூங்குவார்கள். சித்தி கனத்த சப்பாத்தை மாட்டிக்கொண்டு ஏதாவதொரு மலைக்குப் போய்விடுவார். மாலையில் அம்மாவின் கைபேசிக்குப் படங்கள் வரும். பச்சை மலை, செம்மறி ஆடு, சாம்பல் வானம், நடுவில் சித்தி நின்று சிரித்துக்கொண்டிருப்பார். அம்மா படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்து, இப்படித் தன்னந்தனியாக நிற்கிறாளே என்று பெருமூச்சு விடுவார். அந்தப் படங்களை எடுத்தது யார் என்று கேட்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

இந்தத் தனிமைக்கு அம்மா ஒரு மருந்து கண்டுபிடித்திருந்தார். அது மெல்பேர்னின் மறுபக்கத்தில், ட்ருகனினாவில் புது வீடு கட்டிக் குடியிருந்த ஒரு எஞ்சினியர். எங்களைப் போல மன்னார்ப் பக்கத்து ஆள், ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர், நாலு அறை வீட்டில் தனியாக இருக்கிறார். அவருடைய படம் அம்மாவின் கைப்பைக்குள் கடவுச்சீட்டுகளுக்கு நடுவில் பயணம் செய்தது. முதல் இரண்டு நாளும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை, மூன்றாம் நாள் ஆறுதலாகக் கதையைத் தொடங்குவது என்பது அம்மாவின் திட்டம். இரண்டாம் நாள் இராச்சாப்பாட்டின்போது சித்தி முந்திக்கொண்டார். நாளைக்கு எல்லோரும் ஒரு சின்ன நடை போவோம், மலை உச்சியில் ஒரு பழைய கோட்டை இருக்கிறது என்றார்.

கோட்டை என்ற சொல்லோடு எனக்கு நித்திரை போய்விட்டது. பள்ளிக்கூட நூலகத்துப் புத்தகங்களில் நான் பார்த்த கோட்டைகளுக்கெல்லாம் கூர்மையான கோபுரங்களும், சங்கிலியில் இறங்கும் பாலமும், சன்னலோரம் ஒரு இளவரசியும் இருந்தார்கள். காலையில் எழும்பி, பிறந்தநாள் ஒன்றுக்குத் தைத்த ஊதாக் கவுனைத்தான் போடுவேன் என்று அடம்பிடித்தேன். அம்மா அதன் மேல் மழைக்கோட்டை மாட்டி, அதன் கீழ் றப்பர் பூட்ஸையும் போட்டுவிட்டார். அப்பா இந்தப் பயணத்துக்காகவே டண்டினொங் சந்தையில் வாங்கிய வெள்ளைச் சப்பாத்தைப் போட்டிருந்தார். அம்மா ஒரு கையில் கைப்பை, மறு கையில் செபமாலை. மீன் கட்லட் நிறைந்த பெட்டியைச் சுமந்தது அப்பா.

சின்ன நடை என்பது சித்தியின் கணக்கில் இரண்டு மணித்தியாலம். வேலிகளில் ஒரே நேரத்தில் ஒருவர் மட்டும் நுழையக்கூடிய மரக் கதவுகள் இருந்தன. ஆடு வெளியே போகாமல் இருக்க அப்படிச் செய்திருக்கிறார்களாம். முதல் கதவிலேயே அப்பா கட்லட் பெட்டியோடு நடுவில் இறுகிப்போய் நின்றார். மழை பெய்து விட்டிருந்ததால் பாதை முழுவதும் சேறு. வெள்ளைச் சப்பாத்து பத்து நிமிடத்தில் தன் நிறத்தை இழந்தது.

சித்தியை எனக்கு அதுவரை கைபேசித் திரையில்தான் தெரியும். அதில் அவர் மெல்லப் பேசுவார், அம்மா சொல்வதற்கெல்லாம் ஓம் ஓம் என்பார். மலையில் நான் பார்த்த சித்தி வேறு ஆள். எட்டி எட்டி நடந்தார், உரத்துப் பேசினார், எதிரே வந்த கிழவர்களோடெல்லாம் மழையைப் பற்றிக் கதைத்தார். அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நின்று மூச்சு விடும் ஒவ்வொரு இடத்திலும் ட்ருகனினாவைப் பற்றி ஒரு வசனம் தொடங்குவார். அது முடிவதற்குள் சித்தி ஒரு பறவையைக் காட்டுவார், அல்லது இரண்டாயிரம் வருடங்களுக்கு முன் இந்தப் பாதையால் நடந்த சனங்களைப் பற்றிச் சொல்வார்.

கடைசியில் உச்சிக்கு வந்து சேர்ந்தோம். அங்கே கோபுரமும் இல்லை, பாலமும் இல்லை. மலையின் தலையைச் சுற்றிப் புல் முளைத்த மூன்று மண் அணைகள், அவற்றுக்கு இடையில் ஆழமான பள்ளங்கள். அவ்வளவுதான். ஆடுகள் மேய்ந்தன. சித்தி இரண்டு கையையும் விரித்து, இதுதான் கோட்டை என்றார்.

அப்பா சுற்றிலும் பார்த்தார். “மன்னார்க் கோட்டையில கல்லெண்டாலும் இருக்கு” என்றார்.

நான் அழத் தொடங்கினேன். சித்தி குந்தி உட்கார்ந்து எனக்குச் சமாதானம் சொன்னார். அந்தக் காலத்துச் சனங்கள் கையால் மண் தோண்டி, கூடையில் சுமந்து இவ்வளவையும் கட்டினார்களாம். எதிரி வந்தால் தடுமாற வேண்டும் என்பதற்காக வாசலை வளைத்து வளைத்து வைத்தார்களாம். இவ்வளவிலும் என் காதில் விழுந்தது வாசல் என்ற ஒரு சொல்தான். வாசல் இருந்தால் கதவு இருக்கும். கதவு இருந்தால் கோட்டை மலைக்கு உள்ளே இருக்கிறது. பெரியவர்களுக்கு அது தெரியவில்லை, பாவம்.

அணையின் மேல் விரிப்பை விரித்து எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மா கைப்பையைத் திறந்து, கடவுச்சீட்டுகளுக்கு நடுவிலிருந்து எஞ்சினியரை வெளியே எடுத்தார். சித்தியின் முகம் மாறியது. அப்பா மிகுந்த கவனத்தோடு சப்பாத்தில் ஒட்டிய சேற்றைச் சுரண்டத் தொடங்கினார். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. நான் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பள்ளத்துக்குள் இறங்கினேன்.

வலது கையால் அணையின் புல்லைத் தடவிக்கொண்டே போனால் கதவு கையில் தட்டுப்படும் என்பது என் எண்ணம். பள்ளம் வளைந்து வளைந்து போனது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து வந்த பேச்சுச் சத்தம் நின்றது. பிறகு மூடுபனி வந்தது. அது வருவதை நான் பார்க்கவில்லை. திரும்பிப் பார்த்தபோது நான் வந்த பாதை இல்லை, அண்ணாந்து பார்த்தபோது அணையின் மேல்விளிம்பும் இல்லை. எங்கோ ஒரு ஆடு வயதான மனிதர் போல இருமியது. நான் தொலைந்துபோனேன் என்று நினைக்கவில்லை. கோட்டை என் வலது கைக்குள் இருந்தது, மற்றவர்கள்தான் தொலைந்துபோனார்கள். என்றாலும் கால் நோக ஆரம்பித்ததும் ஈரப் புல்லில் உட்கார்ந்து அம்மாவைக் கூப்பிட்டேன். கூப்பிட்டதில் பயம் அதிகமாகி, கூப்பிடுவதை நிறுத்திவிட்டேன்.

அப்போது பனிக்குள்ளிருந்து கறுப்பும் வெள்ளையுமாக ஒரு நாய் வந்தது. என் முழங்காலை மணந்து பார்த்து, ஒரு தடவை குரைத்தது. அதற்குப் பின்னால் ஒரு ஆண்குரல் கேட்டது.

“இஞ்ச வா. இஞ்ச வா.”

நாய் குரல் வந்த பக்கம் ஓடியது. நானும் ஓடினேன். என்னை வா என்று கூப்பிடுகிறவர்கள் எப்போதும் அந்தச் சொல்லால்தான் கூப்பிடுவார்கள். அங்கே நின்றவர் நெட்டையான ஒரு வெள்ளைக்காரர். நரைத்த தாடி, சிவப்புக் கம்பளித் தொப்பி, கையில் தடி. அவர் நாயைப் பார்த்து “இரு” என்றார். நாய் பின்னங்காலை மடக்கி இருந்தது. நானும் இருந்தேன். அவர் சிரித்துவிட்டு என் பெயரைச் சொன்னார். வகுப்பில் ஆசிரியை இரண்டு வருடமாகத் தப்பாகச் சொல்லிவந்த பெயரை அவர் ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னார். என் பெயர் இவருக்கு எப்படித் தெரியும் என்று நான் யோசிக்கவில்லை. தொலைந்த பிள்ளைகளின் பெயரைத் தெரிந்து வைத்திருப்பது அவருடைய வேலை என்று நினைத்துக்கொண்டேன்.

அவர் அங்கே வந்த விதம் எனக்கு மிகப் பிற்பாடுதான் தெரிந்தது. மலையின் மறுபக்கத்தில், உச்சிக்குக் குறுக்குவழி உள்ள அடிவாரத்தில், காருக்குள் அவர் காலையிலிருந்து காத்துக்கொண்டிருந்தாராம். உச்சியில் வைத்துச் சித்தி முதலில் அக்காவிடம் விஷயத்தைச் சொல்வது, பிறகு அவரை மேலே கூப்பிடுவது என்பது ஏற்பாடு. ஆனால் எஞ்சினியரின் படம் முந்திக்கொண்டதால் சித்திக்கு வாய் வரவில்லை. நான் காணாமல் போனதும் முதல் வேலையாக அவரைத்தான் கைபேசியில் கூப்பிட்டிருக்கிறார். அந்த மலையின் ஒவ்வொரு பள்ளமும் தெரிந்த ஆள் அவர். நாய்க்கு அவரைவிட நன்றாகத் தெரியும்.

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு நான் திரும்பி வந்தபோது, அம்மா பள்ளத்தின் அடியில் சேற்றில் இருந்தார். என்னைத் தேடி இறங்கும்போது சறுக்கி, அணையின் சரிவு முழுவதையும் உட்கார்ந்தபடியே கடந்து வந்திருக்கிறார். கைப்பை வாய் திறந்து கிடந்தது. தொலைந்ததைத் தேடித்தரும் அந்தோனியாருக்குப் பத்து மெழுகுதிரி நேர்ந்துகொண்டிருந்த வாய் என்னைக் கண்டதும் நின்றது. என்னை இழுத்து அணைத்தார், முதுகில் ஒன்று வைத்தார், மறுபடி அணைத்தார். பனிக்குள்ளிருந்து அப்பாவும் சித்தியும் ஓடிவந்தார்கள். நாய் நேரே சித்தியிடம் பாய்ந்து, இரண்டு முன்காலையும் அவருடைய வயிற்றில் வைத்து முகத்தை நக்கியது.

எனக்கு அம்மாவின் பிடியிலிருந்து விடுபட்டவுடன் சொல்ல வேண்டிய முக்கியமான செய்தி ஒன்று இருந்தது.

“அம்மா, இங்கத்தைய நாய்களுக்குத் தமிழ் விளங்கும்.”

ஒருவரும் நம்பவில்லை என்று நினைத்து, நாயைப் பார்த்து “இரு” என்றேன். இருந்தது. “எழும்பு” என்றேன். எழும்பியது. அப்பாவுக்கு ஆசை வந்துவிட்டது. குனிந்து “கை தா” என்றார். நாய் தன் சேற்றுக் காலைத் தூக்கி அவருடைய உள்ளங்கையில் வைத்தது. தமிழில் கேட்டால் பாதி நேரம் ஆங்கிலத்தில் பதில் சொல்லும் மகளை வளர்க்கிற மனிதர் அவர். அந்தக் காலைக் கொஞ்ச நேரம் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

அம்மா நாயைப் பார்த்தார். வெள்ளைக்காரரைப் பார்த்தார். பிறகு சித்தியைப் பார்த்தார். வெள்ளைக்காரர் தொப்பியைக் கழற்றி மார்போடு பிடித்து, பாடம் ஒப்புவிக்கிறவர் போல “வணக்கம் அக்கா” என்றார்.

“ஆரின்ர நாய் இது?” என்று அம்மா சித்தியிடம் கேட்டார்.

சித்தி அம்மாவை நிமிர்ந்து பார்த்தார். அவருடைய கை நாயின் தலையில் இருந்தது.

“எங்கட நாய், அக்கா.”

நாய் சேற்றில் வாலை அடித்துக்கொண்டிருந்தது. அம்மா எழும்பி, உடுப்பில் ஒட்டியிருந்த புல்லை ஒவ்வொன்றாகத் தட்டினார். கீழே விழுந்து கிடந்தவற்றைப் பொறுக்கிக் கைப்பைக்குள் போட்டார், நனைந்துபோன எஞ்சினியரையும். பிறகு அணையின் மேல் ஏறி, விரிப்பில் உட்கார்ந்து, கட்லட் பெட்டியைத் திறந்து முதலாவதை வெள்ளைக்காரரிடம் நீட்டினார். உறைப்புச் சாப்பிடுவீர்களா என்று ஆங்கிலத்தில் கேட்டார். அவர் “கொஞ்சம்” என்று தமிழில் சொல்லிவிட்டு மூன்று சாப்பிட்டார். கண்ணிலிருந்து தண்ணீர் ஓடியது. குடிக்கத் தண்ணீர் கேட்கவில்லை. அந்த ஆள் பாஸ் பண்ணியது அங்கேதான் என்று அப்பா இப்போதும் சொல்வார்.

இறங்கும்போது பனி விலகி, கீழே வயல்களும் தேவாலயத்துக் கோபுரமும் தெரிந்தன. அப்பாவும் வெள்ளைக்காரரும் முன்னால் போனார்கள். அப்பா அவருக்கு மன்னார்க் கோட்டையை விளக்கிக்கொண்டிருந்தார். நான் நாயோடு நடுவில். பின்னால் அம்மா வழுக்கிவிடாமல் சித்தியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் என்னவோ நிறையப் பேசினார்கள், இரண்டு பேரும் கொஞ்சம் அழுதார்கள் என்று நினைக்கிறேன். எனக்குக் கேட்டது ஒரு துண்டுதான்.

“இதைச் சொல்லுறதுக்கு ஒரு மலை ஏறோணுமோ?” என்றார் அம்மா.

“கீழ வச்சுச் சொன்னா நீங்க ஏசுவீங்கள். மேல எண்டா மூச்சு வாங்கும், ஏச ஏலாது எண்டு நினைச்சன்.”

நான் திரும்பிப் பார்த்தபோது அம்மா சிரித்துக்கொண்டிருந்தார். ஒருத்திக்கு அக்காவாக அம்மா சிரிப்பதை நான் அன்றுதான் முதல் தடவை பார்த்தேன்.

எஞ்சியிருந்த நாட்களில் ட்ருகனினாவின் பெயரை ஒருவரும் எடுக்கவில்லை. எனக்கு அதில் அக்கறையும் இல்லை. என் கவலை முழுவதும் வேறொன்றில் இருந்தது. விமானம் கிளம்பி, கீழே பச்சை வயல்கள் சின்னதாகிக்கொண்டு போனபோது, நான் அம்மாவோடு சண்டை பிடித்தேன். சித்தியைக் கூட்டிக்கொண்டு போக வந்தோம், சித்தியை விட்டுவிட்டோம். சரி, அவர் பெரிய ஆள். எங்கள் நாயை ஏன் விட்டுவிட்டு வருகிறோம்?

“அது அவையின்ர நாய், பிள்ளை” என்றார் அம்மா.

இல்லை என்றேன். சித்தி தன் வாயால் சொன்னார், என் காதால் கேட்டேன், எங்கட நாய் என்றுதான் சொன்னார். எங்கட வீடு, எங்கட கார், எங்கட சேர்ச், எல்லாவற்றிலும் நான் இருந்தேன். இந்த ஒன்றில் மட்டும் எப்படி இல்லாமல் போவேன்?

அம்மா சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “ஓம், அப்பிடித்தான் சொன்னவள்” என்றார்.

வாதத்தில் நான் வென்றுவிட்டதாக நினைத்தேன். பள்ளிக்கூடம் தொடங்கியதும், எனக்கு இங்கிலாந்தில் ஒரு நாய் இருக்கிறது, அதற்குத் தமிழ் மட்டும்தான் தெரியும் என்று வகுப்பு முழுவதற்கும் சொன்னேன். அந்த ‘எங்கட’வுக்குள் இரண்டு பேருக்குத்தான் இடம் இருந்தது என்பது எனக்கு விளங்குவதற்கு இன்னும் பல வருடங்கள் தேவைப்பட்டன.